கொசுவத்தி என் காசு, சாக்கடை யார் காசு?

எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒருமுறையாவது இந்தச் சண்டை வந்துவிடும். "என் வரிப் பணத்தில் ஊருக்கெல்லாம் ஏன் இலவசம்?" என்று ஒருவர் தொடங்குவார். அடுத்த வாரம் மழை பெய்யும். "தெருவில் முட்டியளவு தண்ணீர், அரசாங்கம் தூங்குகிறதா?" என்று ஒரு புகைப்படம் வரும். அனுப்பியவர் பெரும்பாலும் அதே ஆள்தான்.

அவரைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. அவர் இரண்டு இடத்திலும் சரியாகவே இருக்கலாம். எதற்குப் பொதுக் காசு வேண்டும், எதற்கு அவரவர் காசு போதும் என்று பிரித்துப் பார்க்க நம்மில் பலருக்கும் ஓர் அளவுகோல் கிடையாது, அவ்வளவுதான். அதனால் பேச்சு உடனே "தனிமனிதவாதம் என்றால் சுயநலம்", "பொதுநலம் என்றால் ஓசி" என்று இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறது. பொருளியலில் அந்த அளவுகோல் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூடக் கணக்கு போதும்.

ஒரு கொசு, இரண்டு செலவு

மாலை ஆறு மணி. கொசு வருகிறது. நீங்கள் கொசுவத்தி ஏற்றுகிறீர்கள், அல்லது டப் டப் என்று பொரியும் அந்த பேட்டை எடுக்கிறீர்கள். செலவு உங்களுடையது, நிம்மதியும் உங்களுடையது. பக்கத்து வீட்டுக்காரர் காசு தராவிட்டால் அவருக்குப் பலன் இல்லை. (சொல்லப்போனால் உங்கள் வீட்டுக் கொசு அவர் வீட்டுக்குத்தான் போகும்.) இதற்கு அரசாங்கம் எதற்கு? கடை இருக்கிறது, விலை இருக்கிறது, வாங்குகிறோம்.

இப்போது தெருமுனைச் சாக்கடைக்கு வருவோம். கொசு அங்கேதான் பெருகுகிறது. அதை மூடி, அடைப்பு எடுத்து, தண்ணீர் ஓட வைத்தால் தெரு முழுவதும் கொசு குறையும். இதில் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன.

ஒன்று, காசு கொடுக்காத வீட்டுக்கு மட்டும் கொசு வரட்டும் என்று ஏற்பாடு செய்ய முடியாது. இதை விலக்க முடியாமை என்போம். இரண்டாவது, உங்கள் வீட்டில் கொசு குறைந்ததால் என் வீட்டில் கிடைக்கும் பலன் குறைவதில்லை. ஒரு தோசையை நீங்கள் சாப்பிட்டால் எனக்கு அது கிடையாது; கொசு இல்லாத தெருவை எத்தனை பேர் அனுபவித்தாலும் அது தீராது. இதற்குப் பெயர் போட்டியின்மை. இந்த இரண்டும் சேர்ந்து அமைந்தால் அது பொதுப் பண்டம். நாட்டுப் பாதுகாப்பு, வெள்ளத் தடுப்பு, புயல் எச்சரிக்கை, சுத்தமான காற்று எல்லாம் இந்த வகை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொதுப் பண்டம் என்பதற்கு "அரசாங்கம் கொடுப்பது" என்று பொருள் இல்லை. அரசு நடத்தும் பேருந்தில் டிக்கெட் வாங்காதவரை இறக்கிவிடலாம். நான் உட்கார்ந்த இருக்கையில் நீங்கள் உட்கார முடியாது. ஆகவே அது பொதுப் பண்டம் இல்லை. யார் கொடுக்கிறார்கள் என்பதைப் பார்த்துப் பெயர் வைப்பதுதான் குழப்பத்தின் தொடக்கம்.

பத்து வீட்டுக் கணக்கு

சரி, சாக்கடை எல்லோருக்கும் நல்லது என்றால் எல்லோரும் காசு போட்டுச் செய்துவிடலாமே? ஏன் நடப்பதில்லை? "நம்ம ஜனங்களே இப்படித்தான்" என்று பதில் வரும். அந்தப் பதில் தவறு. கணக்கைப் பாருங்கள்.

ஒரு தெருவில் பத்து வீடு. சாக்கடைக்குப் போடும் ஒவ்வொரு ரூபாயும் தெருவுக்கு இரண்டு ரூபாய் மதிப்புள்ள நன்மை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவச் செலவு குறைவு, நல்ல தூக்கம், இப்படி. அந்த இரண்டு ரூபாய் பத்து வீட்டுக்கும் சமமாகப் பிரிகிறது; அதாவது வீட்டுக்கு 20 பைசா.

எல்லோரும் ஆளுக்கு 1,000 ரூபாய் போட்டால் மொத்தம் 10,000. நன்மை 20,000. வீட்டுக்கு 2,000. ஆயிரம் போட்டு இரண்டாயிரம் வாங்கினால் அருமையான வியாபாரம்.

ஆனால் நான் மட்டும் நழுவிவிட்டால்? ஒன்பது வீடு போட்ட 9,000 ரூபாய், 18,000 ரூபாய் நன்மையாகிறது. என் பங்கு 1,800, கையிலிருந்து போனது பூஜ்யம். காசு போட்டிருந்தால் லாபம் 1,000. போடாததால் லாபம் 1,800. இன்னும் கேளுங்கள். மற்ற ஒன்பது பேரும் போடாவிட்டால்? நான் மட்டும் 1,000 போட்டு 200 ரூபாய் நன்மை பெறுவேன், 800 நஷ்டம். ஆக மற்றவர்கள் என்ன செய்தாலும் சரி, காசு போடாமல் இருப்பதே எனக்கு லாபம். பத்து வீட்டிலும் இதே கணக்குத்தான். பத்துப் பேரும் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டு, பத்துப் பேரும் கொசுக்கடி வாங்குகிறார்கள்.

காசு போடாமல் பலனை மட்டும் அனுபவிப்பவரைத்தான் நாம் ஓசிக் கிராக்கி என்கிறோம். பொருளியல் அதைத் திட்டாகச் சொல்வதில்லை. ஓசிப் பயணச் சிக்கல் என்று பெயர் வைத்து, இது மனிதரின் குணக்கேடு இல்லை, ஏற்பாட்டின் கோளாறு என்கிறது. நல்லவர்களை மட்டும் தேடிப் பிடித்து ஒரு தெருவில் குடிவைத்தாலும், "மற்றவர்கள் போடுவார்களா" என்ற சந்தேகம் ஒன்று போதும், வசூல் படுத்துவிடும்.

வரி இந்த இடத்தில்தான் வருகிறது. "எல்லோரும் போட்டால் நானும் போடுகிறேன்" என்று பத்துப் பேரும் மனதுக்குள் சொல்வதை, "எல்லோரும் போட்டே ஆக வேண்டும்" என்று மாற்றித் தருவதே அதன் வேலை. அந்தக் கட்டாயத்தால் பத்து வீட்டுக்கும் தலா ஆயிரம் ரூபாய் மிச்சம்.

இதுவரை பார்த்தது: விலக்க முடியாத, பங்கிட்டாலும் குறையாத நன்மைக்கு விருப்ப வசூல் தாங்காது. காரணம் சுயநலம் என்பதைவிட, ஒவ்வொருவரின் நியாயமான கணக்கு.

கலங்கரை விளக்கம் சொல்லும் கதை

பாடப் புத்தகங்களில் பொதுப் பண்டத்துக்கு எப்போதும் காட்டும் உதாரணம் கலங்கரை விளக்கம். சென்னைக்காரர்களுக்கு இது பக்கத்து ஊர்க் கதையில்லை. 1796 இல் கோட்டைக்குள் இருந்த கட்டடத்தின் மேல் எண்ணெய் விளக்கு. 1844 இல் தனித் தூண். 1894 இல் உயர் நீதிமன்றக் கோபுரத்தின் உச்சி. 1977 முதல் மெரினா. நான்கு இடம் மாறியும் அதன் குணம் ஒன்றுதான். கடலில் வரும் எந்தக் கப்பலும் வெளிச்சத்தைப் பார்க்கும். காசு தராத கப்பலுக்கு மட்டும் இருட்டைக் காட்ட முடியாது.

ஆகவே அரசுதான் கட்ட வேண்டும் என்று பொருளியலாளர்கள் வெகுகாலம் எழுதிவந்தார்கள். 1974 இல் ரொனால்ட் கோஸ் என்பவர் பழைய ஆவணங்களைப் புரட்டிப் பார்த்து, இங்கிலாந்தில் தனியார் பலர் கலங்கரை விளக்கம் கட்டி நடத்தியிருக்கிறார்கள் என்று எடுத்துக் காட்டினார். சந்தையே போதும் என்பவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். ஆனால் அந்தத் தனியார் எப்படிக் காசு வசூலித்தார்கள்? கப்பல் துறைமுகத்துக்குள் வந்ததும் கட்டணம் கட்டியாக வேண்டும். வசூலிக்கும் உரிமையைக் கொடுத்தது அரச ஆணை. நடத்தியது தனியார், கட்டாயம் அரசுடையது. இந்தியாவிலும் 1927 ஆம் ஆண்டின் சட்டப்படி துறைமுகத்துக்கு வந்துபோகும் கப்பல்களிடம் விளக்குக் கட்டணம் வாங்கினார்கள்.

எனக்கு இந்தக் கதை பிடிப்பதற்குக் காரணம், இரண்டு கேள்விகளை அது அழகாகப் பிரித்துவிடுகிறது. காசை யார் திரட்டுவது என்பது ஒன்று. வேலையை யார் செய்வது என்பது வேறொன்று. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடங்களில் சேரும் ஏழைக் குழந்தைகளுக்கு அரசு பணம் கொடுக்கிறது, பாடம் தனியார் நடத்துகிறார்கள். மின்சாரமோ நேர் எதிர்: அரசு நிறுவனம் தருகிறது, ரீடிங் பார்த்து நாம் கட்டுகிறோம். "அரசா, தனியாரா" என்ற பட்டிமன்றத் தலைப்பில் இந்த இரண்டையும் போட்டுக் கலக்கிவிடுகிறோம்.

அப்படியானால் சத்துணவு?

வாட்ஸ்அப் நண்பர் இங்கே கையைத் தூக்குவார். "சாக்கடை சரி. சோறு பொதுப் பண்டமா?" நல்ல கேள்வி. இல்லை. ஒரு குழந்தை சாப்பிட்ட முட்டையை இன்னொரு குழந்தை சாப்பிட முடியாது. சத்துணவைப் பொதுப் பண்டம் என்று வாதாடுபவர்கள் தவறான ஆயுதத்தைக் கையில் எடுக்கிறார்கள்.

அதற்கு வேறு நியாயங்கள் இருக்கின்றன. முதலாவது, புற விளைவு. ஒருவர் செய்யும் செயல், அதில் சம்பந்தப்படாத மூன்றாம் ஆளுக்குத் தரும் நன்மை தீமையே புற விளைவு. தடுப்பூசியில் இது பளிச்சென்று தெரியும். ஊசி குத்துவது என் குழந்தையின் தோளில்தான். ஆனால் அதனால் நோய் பரவும் சங்கிலி அறுந்து உங்கள் குழந்தையும் தப்பிக்கிறது. காசு கொடுத்து வாங்கச் சொன்னால் ஒவ்வொருவரும் தன் குழந்தையின் நன்மையை மட்டும் எடைபோட்டு, ஊருக்குத் தேவையானதைவிடக் குறைவாகத்தான் வாங்குவார்கள். இந்தியாவில் இயற்கையான போலியோ கிருமி தாக்கிய கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் கண்டறியப்பட்டார்; 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. சொட்டு மருந்துக்கு விலை வைத்திருந்தால் அது நடந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

சத்துணவிலும் இந்தக் கணக்கு கொஞ்சம் உண்டு. வயிறு நிறைந்து படித்த பிள்ளை நாளை ஊருக்கே உதவும். ஆனால் 1920 இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கி, 1956 இல் காமராஜர் மாநிலம் முழுதும் கொண்டுபோய், 1982 இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய திட்டத்தை வெறும் புற விளைவாகச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை. அதன் அடியில் இருப்பது நீதி பற்றிய ஒரு முடிவு: எந்த வீட்டில் பிறப்பது என்பதை எந்தக் குழந்தையும் தேர்ந்தெடுப்பதில்லை.

"என் வரிப் பணம்" என்பதற்கும் ஒரு சிறு திருத்தம். வருமான வரி கட்டுபவர் மட்டும் வரி கட்டுவதாக ஒரு நினைப்பு இருக்கிறது. சத்துணவு சாப்பிடும் பிள்ளையின் அம்மா வாங்கும் பற்பசையிலும், அவர் ஏறும் ஷேர் ஆட்டோவின் டீசலிலும் வரி இருக்கிறது.

சுருக்கமாக: பொதுப் பண்டத்துக்குக் காசு திரட்டுவது கணக்கு சார்ந்த விஷயம். புற விளைவு பாதிக் கணக்கு. மற்ற நலத்திட்டங்கள் பெரும்பாலும் நீதி பற்றிய விவாதம். மூன்றுக்கும் ஒரே பதிலை வைத்துக்கொண்டால் சண்டை தீராது.

தனிமனிதவாதிகள் உண்மையில் என்ன சொன்னார்கள்?

தனிமனிதவாதம் என்பது "என் வேலை, என் காசு, நீ யார்?" என்ற மனோபாவம் இல்லை. எதை அளப்பதற்கும் ஒரு மனிதரே அளவு, சாதியோ குலமோ தேசமோ அவருக்குப் பதிலாக முடிவெடுக்கக் கூடாது என்ற கொள்கை அது. அந்தக் கொள்கைக்காரர்கள் பொதுச் செலவை எதிர்த்தார்கள் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

தடையற்ற சந்தையின் தந்தை என்று சொல்லப்படும் ஆடம் ஸ்மித், 1776 இலேயே அரசின் கடமைகளில் மூன்றாவதாக ஒன்றை எழுதினார்: சமூகத்துக்குப் பெரும் நன்மை தருபவை, ஆனால் எந்தத் தனிமனிதருக்கும் போட்ட முதலை எடுத்துத் தராதவை; அப்படிப்பட்ட பொதுப்பணிகளை அரசு செய்ய வேண்டும். நம் பத்து வீட்டுக் கணக்கின் சாரம் அதில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் சந்தைக்காக ஓயாமல் வாதாடிய மில்டன் ஃப்ரீட்மன், 1962 இல் இன்னும் ஒரு படி போனார். ஏழ்மையைப் பார்த்தால் எனக்கு வருத்தம். அது தீர்ந்தால் யார் காசில் தீர்ந்தாலும் எனக்கு நிம்மதி. ஆகவே தர்மம் செய்வதிலும் ஓசிப் பயணச் சிக்கல் வரும் என்றார். அடிமட்ட வருமானத்துக்கு அரசு உறுதி தருவதை அதை வைத்தே அவர் ஏற்றுக்கொண்டார்.

அப்படியானால் எதிர்ப்பு எங்கே இருக்கிறது? தத்துவவாதி ராபர்ட் நோசிக் 1974 இல் சொன்ன உதாரணம் நமக்கு உடனே புரியும். தெருவில் ஒலிபெருக்கி கட்டி, ஒவ்வொரு நாளும் ஒருவர் பாட்டுப் போட்டு, கதை சொல்லி எல்லோரையும் மகிழ்விக்கிறார். 138 நாள் இப்படி ஓடிவிட்டது, இன்று உங்கள் முறை. நீங்களும் சன்னலோரம் நின்று ரசித்தவர்தான். அதற்காக இன்று வேலையை விட்டுவிட்டு மைக் பிடிக்கக் கடமைப்பட்டவரா? "என்னைக் கேட்டா குழாய் கட்டினீர்கள்?" என்று நீங்கள் கேட்கலாம் அல்லவா?

ஆடி மாதத்தில் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் நிற்கும் இளைஞர்களைப் பார்த்தவர்கள் யாரும் இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளமாட்டார்கள். நன்மை கிடைத்தது என்பதாலேயே விலை கேட்கும் உரிமை வந்துவிடாது. எது பொது நன்மை என்று யார் முடிவு செய்வது, எவ்வளவு வேண்டும் என்று எப்படி அறிவது? கடைப் பொருளுக்கு விலை சொல்லிவிடும். பொதுப் பண்டத்துக்கோ, "உங்களுக்கு இது எவ்வளவு தேவை?" என்று கேட்டால், பங்கு கூடுமே என்று எல்லோரும் குறைத்தே சொல்வார்கள் என்று 1954 இல் பொருளியலாளர் பால் சாமுவேல்சன் காட்டினார். அந்த இருட்டில்தான் அரசுகள் முடிவெடுக்கின்றன. எங்கள் தெருவில் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே நான்கு முறை தார் போட்டார்கள். இப்போது மழைக்கு என் வாசல்படி சாலைக்குக் கீழே. அதுவும் பொதுக் காசுதான்.

ஊரே செய்துகொண்டால் என்ன?

சந்தையும் வேண்டாம், அரசும் வேண்டாம், ஊர் கூடிச் செய்யலாமே என்பது நியாயமான யோசனை. 2009 இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், ஊர்கள் காடு, மீன்வளம், பாசனக் கால்வாய் ஆகியவற்றைத் தாமே விதி வகுத்துப் பல தலைமுறைகள் காத்ததற்கு உலகின் பல பகுதிகளிலிருந்து சான்றுகள் திரட்டி எழுதினார். நமக்கு அது புதிதா என்ன? பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரியைக் கவனிக்கும் ஊர்க் குழுவான ஏரி வாரியம் வருகிறது. குடிமராமத்து என்ற சொல்லே குடிகள் கூடிக் கரையைப் பலப்படுத்துவதுதான். இன்றும் கிராமத் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி உண்டு; வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர் முடிவு செய்யும், தராதவருக்கு ஊரில் மரியாதை இருக்காது. ஓசிப் பயணத்தை அடக்க ஊருக்கும் ஒரு பிரம்பு வேண்டியிருக்கிறது. குடிமராமத்து வேலைக்கு வராதவர்களை வழிக்குக் கொண்டுவர 1858 இல் சென்னை மாகாணத்தில் சட்டமே போட வேண்டியிருந்தது.

ஆனால் ஊர் என்றால் யார்? உத்திரமேரூரில் வாரியத்துக்குப் பெயர் எழுதிக் குடத்தில் போட, கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் இருக்க வேண்டும். தலைக்கட்டு வரியிலும் ஒரு கூர்மை உண்டு. பல ஊர்களில் தகராறு "வரி தரமாட்டேன்" என்பதால் வருவதில்லை, "எங்களிடம் ஏன் வரி வாங்க மறுக்கிறீர்கள்?" என்று தலித் குடும்பங்கள் கேட்பதால் வருகிறது. வரி கொடுத்தவர்தான் ஊர்க்காரர். வாங்க மறுத்தால் திருவிழாவில் பங்கில்லை, ஊரில் பேச்சில்லை. பாடப் புத்தகத்தில் கிணறும் குளமும் விலக்க முடியாதவை போலத் தெரியும். நம் ஊர்களில் விலக்குவதற்கு வேலி தேவைப்படவில்லை.

1923 இல் பம்பாய் சட்டமன்றம் ஒரு தீர்மானம் போட்டது. பொதுப் பணத்தில் கட்டி, பொதுப் பணத்தில் பராமரிக்கும் கிணறு, குளங்களைத் தீண்டப்படாதோர் என்று ஒதுக்கப்பட்டவர்களும் பயன்படுத்தலாம் என்றது. இன்றைய மகாராஷ்டிரத்தில் இருக்கும் மகாட் நகராட்சியும் தன் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது, காகிதத்தில் மட்டும். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய் அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார். அந்தப் போராட்டத்துக்குப் பிடிமானமாக இருந்த வாதங்களில் ஒன்று, அது பொதுப் பணத்தில் பராமரிக்கும் குளம் என்பது. குளத்தில் அவர்கள் இறங்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் போட்ட வழக்கு முடிய 1937 ஆயிற்று. பம்பாய் உயர் நீதிமன்றம் ஒதுக்கப்பட்டவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

1948 நவம்பர் 4 அன்று அரசியலமைப்பு வரைவை அவையில் வைத்தபோது, கிராமத்தை விட்டுவிட்டுத் தனிமனிதரை அலகாக எடுத்துக்கொண்டதில் மகிழ்ச்சி என்றார் அதே அம்பேத்கர். அதைவிடத் தெளிவான தனிமனிதவாதம் இந்தியாவில் பேசப்பட்டிருக்குமா தெரியவில்லை. அந்த அரசியலமைப்பின் 15(2) ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கிணறு, குளம், படித்துறை, சாலை, பொது இடம் எதிலும் மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது என்று சொல்லும்போது, எந்தக் கிணறு, எந்தக் குளம் என்பதற்கு அது தரும் முதல் அடையாளம்: முழுவதுமாகவோ ஒரு பகுதியோ அரசின் நிதியில் பராமரிக்கப்படுவது.